செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன பண்டிட்

1

ஒரு மனிதரைக் கேவலப்படுத்த வேண்டும் என்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் மனபாரம் குறையும் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் பாரம் எதையும் தூக்கியவர்களாகத் தெரியவில்லை. எனக்கு ஆறுதல் வேண்டாம். திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆள் கிடைத்தார். பெயர் கோவிந்தராஜன். ராணுவத்தில் பண்டிட். பட்டாளத்தில் சிப்பாய்களைச் சாமி கும்பிட வைக்கவும், பயந்தவனுக்குத் தைரியம் சொல்லவும், செத்தவனுக்கு மந்திரம் சொல்லவும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், துப்பாக்கிக்கு எண்ணெய் போட ஆள் வைத்திருப்பதுபோல.

போன வருடம் எல்லையில் சில நாட்கள் குண்டு பொழிந்தபோது என் தம்பி ராகேஷ் செத்துப்போனான். 'வீரமரணம்' என்று எழுதலாம். எழுத மாட்டேன். அந்தச் சொல்லை டிவிக்காரர்கள் எச்சில் பண்ணிவிட்டார்கள். அவன் உடலோடு எங்கள் பேட்டையான நீலசந்திராவுக்கு வந்த பண்டிட், எங்கள் வீட்டுக்குள் போனார், அப்பாவோடு கொஞ்ச நேரம் பேசினார், வெளியே வந்தார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போய்விட்டார். சடங்கும் செய்யவில்லை, சல்யூட்டும் அடிக்கவில்லை. நாங்கள் ஆதி திராவிடர்கள். மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். இதற்கு மேல் விளக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் தேவைப்படவில்லை.

இன்னொன்று. இந்தக் கதையில் நான் விஜி. 'நான்' என்று எழுதினால் நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள். அந்தச் சத்தத்தைப் போன வருடமே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. ஆகவே இனி, விஜி என்று ஒருத்தி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசர். கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போய், அப்பா அம்மாவோடு இருக்கிறாள். (அந்தக் கல்யாணம் வேறு கதை. அதில் போர் இன்னும் மோசம்.)

2

தொடங்கிப் பார்த்தவை:

'பனி மூடிய மலைமுகட்டில் கோயில் மணி ஒலித்தது. வீரர்கள்—'

வேண்டாம். விஜி பனியைப் பார்த்தது கேண்டீன் ஃப்ரீசரில்.

'பண்டிட் கோவிந்தராஜன் தம் தொப்பையைத் தடவியபடி, தீட்டுப்பட்டவர்போல—'

தொப்பை இருந்ததா? நினைவில்லை. இருந்தால் நன்றாக இருக்கும்.

'பாரதத் தாய்க்குத் தன் ஒரே மகனைக் காணிக்கையாக ஈந்த அய்யாவு அவர்களின்—'

இது என்னுடையது இல்லை. வார்டில் பெரிய ஆளாக ஆசைப்படும் ராஜேஷ்குமார் ஃப்ளெக்ஸில் அடித்தது. அதில் ராஜேஷ்குமார் கைகூப்பி ஆளுயரத்துக்கு நிற்பார். ராகேஷ் ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைஸில் இருப்பான்.

சரி, நேராகவே போகலாம். சாவதற்கு முந்தைய வாரம் ராகேஷ் விஜிக்குப் போன் செய்தான்.

"அக்கா, எங்க பண்டிட்டுக்குப் புத்தம் சரணம் சொல்லிக் குடுத்துட்டேன்."

"இன்னாத்துக்குடா?"

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சொல்றதுக்கு. இங்க சரணம் சொல்ற பந்தேவுக்கு எங்க போறது? மூணு வரிதானே. மனுஷன் ஒரு நாள் பூரா மனப்பாடம் பண்ணாரு. எல்.கே.ஜி. பசங்க தேவலாம்."

"வாயக் கழுவுடா, தரித்திரம்."

"சும்மா சொல்றேன்க்கா. அப்பாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாரு. பாப்பானை நம்ம வழிக்குக் கொண்டாந்துட்டேன்னு."

அப்பா சந்தோஷப்பட்டார். சிரிக்கவும் செய்தார். ஒரு வாரம் கழித்து, அந்த மூன்று வரியைப் பண்டிட் சொன்னாரா இல்லையா என்பது ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

3

சவப்பெட்டி வந்த அன்று தெருவில் கால் வைக்க இடமில்லை. மூன்று டிவி வண்டிகள். பந்தே, விகாரையிலிருந்து காவி உடையில் வந்த பிக்கு, ஓர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். ராஜேஷ்குமார் வீட்டு வாசலைக் கைப்பற்றியிருந்தார்.

"அய்யாவு அண்ணா, பானை எல்லி? பானை எங்க? தோள்ல பானை இல்லாம எப்படி? டிவிக்காரங்க கேக்கறாங்க."

"எங்க வழக்கத்துல பானை இல்லப்பா. பந்தே சரணம் சொல்வாரு, அவ்ளோதான்."

"அது சொல்லட்டும்ணா, யாரு வேணாம்னா? அது ஓரமா நடக்கட்டும். இது மெயினு. பேப்பர்ல இந்துன்னுதானே இருக்கு? மிலிட்டரியே பண்டிட்டை அனுப்பிருக்கு பாருங்க."

இருந்தது. ராகேஷ் பட்டாளத்தில் சேரும்போது சாதிச் சான்றிதழில் இந்து ஆதி திராவிடர் என்று இருந்ததை அப்பா மாற்றவில்லை. 'சர்டிபிகேட் வேற, சரணம் வேற' என்றிருந்தார். லேத் பட்டறையில் வாழ்க்கையைக் கழித்த மனிதர். எந்த அளவு எங்கே பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். பொருந்தாமல் போனது இந்த ஒன்றுதான்.

அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த விஜியின் அம்மா எல்லம்மா எழுந்தாள்.

"டேய் ராஜேஷு, செத்தது என் புள்ளையா உன் புள்ளையா?"

"அம்மா, அவன் தேசத்துப் புள்ளம்மா."

"தேசம் பெத்துச்சா? எந்த ஆஸ்பத்திரில?"

(இதை எந்த டிவியும் போடவில்லை. அவள் மயங்கி விழுந்ததைப் போட்டார்கள். நான்கு முறை, மெதுவாக்கி.)

பண்டிட் உள்ளே வந்தபோது அப்பா அவரைச் சமையல் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார். அந்த வீட்டில் தனியாகப் பேச வேறு இடம் கிடையாது. விஜி தண்ணீர் எடுத்துக்கொண்டு தடுப்பருகே போனாள். அப்பாவின் கேள்வி தெளிவாகக் கேட்டது.

"என் புள்ள போறப்ப இன்னா சொன்னீங்க?"

அந்த நொடியில் வெளியே ஒரு பெரிய மனிதரின் கார் வந்து நின்றது. 'பாரத் மாதா கீ ஜே' என்று தெருவே எழும்பியது. பண்டிட்டின் உதடுகள் அசைந்தன, நிறைய நேரம். அப்பா ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டினார். அப்பா வாசல் பக்கம் கையை நீட்டினார். பண்டிட் போய்விட்டார்.

தேசபக்தியைப் பற்றி என்னிடம் யாராவது கருத்துக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அது மிகவும் சத்தமாக இருக்கிறது.

அப்புறம் பந்தே சரணம் சொன்னார். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று சொன்னார். கல்பள்ளிச் சுடுகாட்டில் துப்பாக்கிகள் வானத்தைச் சுட்டன. பிணத்துக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. விஜி கேட்டது பிணத்தைப் பற்றி இல்லை. கண் திறந்திருந்தபோது என்ன நடந்தது என்பதை.

"அப்பா, அவரு இன்னா சொன்னாரு?"

"கேட்டேன். சொன்னாரு."

"அதான் இன்னான்னு கேக்கறேன்."

"அது எனக்கும் அவருக்கும்."

அதோடு சரி. ஒரு வருடம்.

4

(கதைக்கு இந்தப் பகுதி தேவையில்லை. வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போகலாம். நீங்கள் எப்படியும் தாண்டுவீர்கள்.)

படையோடு பூசாரிகளைக் கூட்டிப்போவது பழைய பழக்கம். இரு தரப்பும் கூட்டிப்போவார்கள். இரு தரப்புக் கடவுளும் வெற்றி தருவதாக ஒப்புக்கொள்வார்கள். நம் ஆட்கள் இதில் ஒரு படி மேல். ராகேஷ் சொல்வான்: "இங்க ஞாயித்துக்கெழம பக்திக்கும் ஃபால்-இன்க்கா. லெஃப்ட் ரைட் போட்டுட்டுப் போயி சாமி கும்புடணும். உடம்பு சரியில்லன்னாதான் நாத்திகம்." எல்லாச் சாமிக்கும் ஒரே கூரை, எல்லாச் சாமிக்கும் ஒரே பண்டிட். மௌல்வி பக்கத்தில் இல்லாவிட்டால் முஸ்லிம் பையனுக்கும் இவர்தான் சொல்ல வேண்டும். பாதிரியார் இல்லாவிட்டால் கிறிஸ்தவனுக்கும் இவர்தான். எல்லோரும் சமம். பணத்தை மிச்சம் பிடிப்பதில் சமத்துவத்தைப் போல உதவுவது வேறில்லை.

இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், 'அழகான ஒற்றுமை அல்லவா?' என்று கேட்டார். அழகாகத்தான் இருக்கும், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் செத்தால்.

5

எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. கேவலப்படுத்துவதற்கும் விவரம் வேண்டும். மூக்கு எப்படி, குரல் எப்படி, எந்த விரலில் மோதிரம்? விஜிக்கு அவர் முதுகுதான் நினைவிருந்தது. தம்பியின் யூனிட்டில் ஒருவரைக் கேட்டபோது, "அவரா? ரிட்டயர் ஆயிட்டாரு மேடம். உங்க ஊர்லதான் இருக்காரு, சந்தாபுராவுல பொண்ணு வீட்டுல" என்றார். ஷிஃப்ட் முடிந்ததும் விஜி பஸ் பிடித்தாள். போகும் வழியெல்லாம் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டு போனாள். நல்ல வசனங்கள். ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

கதவைத் திறந்த பெண், லாவண்யா, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றியிருக்கவில்லை. "அப்பா, யாரோ வந்திருக்காங்க."

அவர் வந்தார். ஒல்லி. தொப்பை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. விஜியின் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ராகேஷோட அக்கா. உக்காரும்மா."

டீ வந்தது. பேப்பர் கப்பில்.

விஜிக்கு உள்ளே மணி அடித்தது. கிடைத்துவிட்டது! இதற்குத்தானே வந்தது! எங்களுக்கென்று தனி டம்ளர் வைத்த காலம் போய், குடித்துவிட்டுக் குப்பையில் போடும் காலம்—

"சாரிக்கா," என்றாள் லாவண்யா. "ரெண்டு நாளா தண்ணி டேங்கர் வரல. பாத்திரம் எல்லாம் சிங்க்ல கெடக்கு. எங்களுக்கும் பேப்பர் கப்தான்." அவரும் அதே கப்பில்தான் குடித்தார், ஊதி ஊதி.

(பேப்பர் கப்பைப் பற்றி எழுதிய முழுப் பத்தியை இங்கே வெட்டிவிட்டேன். நல்ல பத்தி. கைதட்டல் வாங்கியிருக்கும்.)

"ஏன் செருப்பைக் கையில எடுத்துக்கினு போனீங்க?" என்றாள் விஜி. முதலில் இதுதான் வாயில் வந்தது.

"வார் அறுந்துபோச்சும்மா. கூட்டத்துல யாரோ மிதிச்சுட்டா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஒரு தெரு முழுக்க ஒரு வருடம் உட்கார்ந்து அந்தச் செருப்புக்குப் பொருள் சொல்லியிருந்தது. அவர் தீட்டைத் தூக்கிக்கொண்டு போனார் என்றார்கள் எங்கள் ஆட்கள். பண்டிட்டைச் செருப்பைக்கூடப் போடவிடாமல் விரட்டினார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள் ராஜேஷ்குமாரின் ஆட்கள். செருப்புத் தைக்கிறவரிடம் யாரும் கேட்கவில்லை.

6

அவர் சொன்னதை நான் அலங்கரிக்கப்போவதில்லை. திட்டுவதற்கு வந்த இடத்தில் அலங்காரம் எதற்கு?

"குண்டு விழறச்சே பசங்க என் மூஞ்சியப் பாப்பா," என்றார். "பண்டிட்ஜி பயப்படறாரான்னு. என் மூஞ்சிதான் என் வேலை. மந்திரம் எல்லாம் அப்புறம். ஆபீசர் சொல்லுவார், ஜவான்களுக்கு ஜோஷ் ஏத்துங்கோன்னு. எனக்கு உள்ள நடுங்கும். இந்தப் பக்கம் ஒருத்தன் பொண்டாட்டியோட சண்டைன்னு அழுவான், அந்தப் பக்கம் ஒருத்தன் பல்லு வலின்னு அழுவான். நான் எங்க போய் அழறது? அப்பதான் ராகேஷ் வந்து, 'சாமி, உங்க மந்திரம் எனக்கும் வெளங்கல, உங்களுக்கும் வெளங்கலன்னு தெரியும். இது மூணே வரி, கத்துக்கோங்க'ன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ என்னடா பண்ணுவேன்னு கேட்டேன். உங்களுக்கு நான் மணி அடிக்கிறேன்னான்."

விஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் குரலே அப்படித்தான். கோபத்தோடு அடக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு ரெண்டு பேரைக் கொண்டுவந்தா. ராகேஷ், அப்புறம் அருண்குமார்னு தர்மபுரிப் பையன். அருண்குமார் கத்தினான். அப்படி ஒரு கத்தல். என் கையைப் பிடிச்சான், விடவே இல்ல. மருந்து போடறவர், 'பண்டிட்ஜி, அவனை அழுத்திப் பிடிங்க'ன்னார். பிடிச்சேன்."

"ராகேஷு?"

"பக்கத்துலதான். கை நீட்டினா தொடலாம். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பாத்துண்டிருந்தான்." அவர் கப்பைக் கீழே வைத்தார். "சத்தமே போடல."

"கத்தியிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பேன்."

பொய் சொல்லத் தெரியாத மனிதனைப் போல ஒரு தொல்லை கிடையாது.

"சரி, அங்க இருந்துக்கினே சொல்லியிருக்கலாமே? மூணு வரிதானே? கைதானே பிடிச்சிருந்தான்? வாய் சும்மாதானே இருந்துச்சு?"

"சும்மா இல்லம்மா. அருண்குமார் முருகா முருகான்னான். நிறுத்தாம என்னையும் சொல்லச் சொன்னான். நானும் முருகா முருகான்னுண்டிருந்தேன். ஒரே வாய்தானே இருக்கு. திரும்பிப் பாக்கறச்சே அவன் போயிட்டான்."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன்.

அருண்குமார் பிழைத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? பிழைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஒருவனாவது மிஞ்சினால் இந்த வியாபாரம் உங்களுக்குக் கட்டுப்படியாகும். அவனுக்குத் தர்மபுரியில் ஒரு குழந்தை பிறந்தது, ராகேஷ் என்று பெயர் வைத்தார்கள் என்றுகூட நான் எழுதலாம். பேனா என் கையில். எழுதியும் பார்த்தேன். கேவலமாக இருந்தது, அழித்துவிட்டேன்.

ஹெலிகாப்டரில் ஏற்றும்போது அருண்குமாரும் செத்துப்போனான்.

"இதைத்தான் எங்கப்பாகிட்ட சொன்னீங்களா?"

"இதேதான். எதையும் மறைக்கல. உங்கப்பா கேட்டார், 'அந்தப் பையன் இருக்கானா?' இல்லன்னேன். 'அவன் பெட்டி எங்க?' ஒரே விமானத்துலதான் வந்தது, வேற வண்டில ஊருக்குப் போயிண்டிருக்குன்னேன். 'கூட யாரு?' ஹவில்தார் ஒருத்தர்னேன். என் ஆர்டர் இங்கதான். அப்ப அவர் சொன்னார்." பண்டிட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "'அவன் கைய பிடிச்சவர் நீங்க. அவன் அம்மாவும் இதே கேள்விதான் கேக்கும். அங்க சொல்றதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கு. இங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க? கெளம்புங்க.' என் கமாண்டர்கூட என்கிட்ட அப்படி ஒரு ஆர்டர் போட்டதில்ல. பர்மிஷன் கேக்கல, யார்கிட்டயும் சொல்லல. தர்மபுரிக்குப் போக ஓசூர் பஸ் ஏறிட்டேன்."

பஸ்ஸில் வெறுங்காலோடு போயிருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். உங்களுக்கு உருக்கமாக இருந்தால் அது உங்கள் பாடு.

7

முடிவு எழுத வேண்டும். பத்திரிகைகளுக்கு ஏற்றாற்போல் செய்து தரலாம்.

தேசபக்தி மலருக்கு: விஜி பண்டிட்டின் காலில் விழுகிறாள். பின்னணியில் கொடி. லாவண்யாவும் அழுகிறாள்.

முற்போக்கு இதழுக்கு: விஜி டீயைக் கொட்டிவிட்டு, 'உங்கள் ஒரே வாய் எப்போதும் எங்களுக்கு மட்டும் மூடியிருக்கிறது' என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். இந்த வரி எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அன்று அது அவர் வாய் மூடியிருந்த கதை இல்லையே.

குடும்ப வார இதழுக்கு: அப்பாவும் பண்டிட்டும் நண்பர்களாகி, ஞாயிறுதோறும் ஒன்றாக நடைப்பயிற்சி—

போதும்.

அப்பா ஏன் இதை எங்களிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவிடம் 'உன் மகன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான், யாரும் வரவில்லை' என்று எந்த வார்த்தைகளில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

8

விஜி எழுந்தபோது அவரும் எழுந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. இருங்கோ."

அவள் நின்றாள்.

"அந்த மூணு வரி எனக்கு மறக்கல. தினம் நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்ல மாட்டேன், அடக்கிடுவேன். அவன் எனக்காகச் சொல்லிக் குடுக்கல, தனக்காகச் சொல்லிக் குடுத்தான். அவனுக்குச் சொல்லாம எனக்கு நானே சொல்லிக்கறது திருட்டு மாதிரி இருக்கு. உங்கப்பாகிட்ட கேக்க தைரியம் வரல." அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கைகள் முழங்காலில். "நீங்க சரின்னா, இப்ப சொல்லட்டுமா?"

விஜி பதில் சொன்னாள். ஒரே சொல்தான். அதை நான் எழுதப்போவதில்லை.

'சொல்லுங்க' என்று அவள் சொன்னதாக வைத்துக்கொண்டால், அவர் குரல் உடையும், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள், நீலசந்திராவில் ஒருவன் செத்ததால் நீங்கள் கொஞ்சம் நல்லவராகிவிட்ட திருப்தியில் இன்றைக்குத் தூக்கம் வரும். 'வேணாம்' என்று சொன்னதாக வைத்துக்கொண்டால், அவளுக்குக் கல் மனசு, கிழவரை இப்படியா வதைப்பது என்பீர்கள். இரண்டையும் நான் முழுதாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ராகேஷ் அதே இடத்தில்தான் கிடக்கிறான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

அவர் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தரையைப் பார்க்கிறார். உங்களுக்கு முடிவு இல்லாமல் முடியாதென்றால் நீங்களே அவருக்குப் பதில் சொல்லுங்கள், சரி என்றோ வேண்டாம் என்றோ. ஆனால் உரக்கச் சொல்லுங்கள். சத்தம் போடாதவன் பக்கம் யாரும் திரும்புவதில்லை.